நெடுந்தீவுக் குதிரைகளைத் தேடி நடந்த நாள்

குதிரை ஏறிப் பழகவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆசை. யாழ்ப்பாணத்தில் குதிரை என்றாலே நெடுந்தீவுதான். ஆனால் அங்கே இருப்பவை கட்டாக்காலிகள், யாரும் கட்டி வளர்க்காமல் திரிபவை, ஏறுவதற்கு விடாது. சரி, அவை திரியும் வழியில் நடந்தாவது வருவோம் என்று போன ஆவணியில் கிளம்பினேன்.

776 பஸ்ஸில் குறிகட்டுவான் துறை, அங்கிருந்து படகு. சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற காலம், அந்த ஒரு மணி நேரமும் முகமெல்லாம் உப்புத் தண்ணீர். இறங்குதுறையில் ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள். பெருக்கு மரம் (பாவோபாப்), ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு எல்லாவற்றையும் ஆட்டோவில் அரை நாளில் பார்த்துவிடலாம். எனக்குக் குதிரைகள்தான் வேண்டும் என்று தெற்கே நடந்தேன்.

ஊர்மனை முடியும்வரை இரண்டு பக்கமும் முருகைக்கல் மதில். சாந்து கிடையாது, கல்லின்மேல் கல்லை அடுக்கி எழுப்பியது. கையை வைத்துப் பார்த்தேன். கல்லில் பூப்பூவாகப் பவளத்தின் தடம். மதில் முடிந்தால் பனங்கூடல், பற்றைகள், அப்புறம் வெட்டவெளி. நெடுந்தீவில் காடு என்றால் இவ்வளவுதான். நிழலை நம்பி நடக்கக்கூடாது. தொப்பியும் இரண்டு போத்தல் தண்ணீரும் கட்டாயம்.

முதலில் குளம்புத் தடம். பிறகு சாணம், காய்ந்தது, அப்புறம் ஈரமானது. ஒரு வளைவு திரும்பினால் ஏழு குதிரைகள்! மட்டக்குதிரைகள், என் தோள் உயரம்கூட இல்லை. போர்த்துக்கேயர் காலத்தில் வந்தவை என்பார்கள். ஒல்லாந்தர் இங்கே குதிரை வளர்த்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டார். லாயத்தின் கல் தூண்கள் இன்னும் நிற்கின்றன. ஆட்சிகள் போய்விட்டன, குதிரைகள் இங்கேயே பெருகிவிட்டன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகவும் ஆனது.

ஆனால் கோடையில் தண்ணீர் இல்லை. அன்று பார்த்த செம்மண் நிறப் பெட்டைக்கு விலா எலும்புகளை எண்ணலாம். மாடு மேய்க்க வந்த ஒரு ஐயா துரவிலிருந்து, அதாவது ஆழமில்லாத கிணற்றிலிருந்து, வாளி வாளியாக மொண்டு தொட்டியில் ஊற்றினார். அது காதுகளைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கு நுனியால் பாசியை விலக்கி, சத்தமே இல்லாமல் உறிஞ்சியது. நான் இரண்டடி முன்னே வைத்தேன்.

“கிட்டப் போகாதை பிள்ளை, உதைச்சுப்போடும்.”

சில பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் துரத்தித் துரத்திப் படம் எடுக்கிறார்களாம். தண்ணீர் குடிக்காமலே அவை ஓடிவிடுகின்றன என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. எனக்கும் நெஞ்சு எரிந்தது. அவரிடம் வாளியை வாங்கி நானும் ஐந்தாறு தடவை மொண்டு ஊற்றினேன்.

பிற்பகல் படகுக்கு நேரமாகிவிட்டது. போய்வருகிறேன் என்றேன்.

“மாரிக்கு வா பிள்ளை. புல்லு முழங்காலுக்கு நிக்கும். உவள் அப்ப குட்டியோட திரிவாள்.”