140 சென்டிமீட்டர்

காவேரிப்பட்டணத்தில் அக்கா வீட்டுச் சமையலறை நிலையில், அக்கா மகள் பாப்பாவின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் வரிசையாக இருக்கின்றன. போன வருஷ மே மாதக் கோடு 137. அந்தக் கோடு போட்டதற்கு மறுநாள்தான் நாங்கள் முதன்முதலாக, பெங்களூரு பக்கம் பிடதியில் இருக்கும் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். பெரிய ரோலர் கோஸ்டருக்கு 140 செ.மீ. உயரம் வேண்டும் என்று அளவுகோலைக் காட்டி, அங்கே இருந்த பையன் பாப்பாவைத் திருப்பி அனுப்பினான். அவள் அழவில்லை. வீடு வரும்வரை பேசவும் இல்லை. எனக்கு மனசு கஷ்டமாக இருந்தாலும் அந்தப் பையன் செய்தது சரி. தோள்மேல் இறங்கும் அந்தக் கம்பி, உடம்பு போதிய அளவு இருந்தால்தான் சரியாகப் பிடிக்கும். அதில் மூன்று சென்டிமீட்டர்தானே என்று பார்க்க முடியாது.

இந்த ஏப்ரல் கடைசியில் நிலையில் 142 என்று கோடு விழுந்தது. அன்றைக்கே அக்காவிடமிருந்து போன். "உம் பொண்ணு வளர்ந்துட்டா, கிளம்பி வா" என்றாள். பாப்பா எனக்கும் பொண்ணுதான் என்பது அக்கா எப்போதும் சொல்வது.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை அக்கா, மாமா, பாப்பா, நான் என்று நாலு பேர் காரில் கிளம்பினோம். கிருஷ்ணகிரி தாண்டி, குருபரப்பள்ளி, சூளகிரி என்று இருட்டிலேயே போய், ஓசூர் வரும்போது வெளிச்சம் வந்துவிட்டது. மே மாதத்திலும் ஓசூர்க் காற்றில் ஒரு குளிர்ச்சி இருக்கிறது. ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. அத்திப்பள்ளி தாண்டி, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் நைஸ் ரோட்டில் ஏறிவிட்டால் பெங்களூரு ஊருக்குள் நுழையாமலே மைசூர் சாலையைப் பிடித்துவிடலாம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு: மெஜஸ்டிக்கிலிருந்து ஊதா வழி மெட்ரோவில் சல்லகட்டா வரை போய், அங்கிருந்து அதே மைசூர் சாலையில் பிடதிக்குப் பஸ் பிடிக்கலாம்.

பிடதியில் தட்டு இட்லி சாப்பிடாமல் போகக் கூடாது. ஒரு சாப்பாட்டுத் தட்டின் உள்வட்டம் அளவுக்கு அகலம், மேலே வெண்ணெய். நான் இரண்டு சாப்பிட்டேன். பாப்பாவை ஒன்றோடு நிறுத்தினேன். தலைகீழாகச் சுற்றப் போகிற வயிறு.

உள்ளே போனதும் எல்லோரும் தண்ணீர் விளையாட்டுப் பக்கம் போகத்தான் துடிப்பார்கள். முதலில் உலர்ந்த விளையாட்டுகளை முடித்துவிடுங்கள் என்பது என் யோசனை. ஈரத் துணியோடு அப்புறம் வரிசையில் நிற்பது பெரும்பாடு. தண்ணீரில் இறங்க நைலான் துணி வேண்டும், பருத்தி கூடாது. வீட்டிலிருந்தே எடுத்துப் போய்விட்டால் அங்கே வாங்குகிற செலவு மிச்சம்.

அந்தப் பெரிய ரோலர் கோஸ்டருக்குப் பெயர் ரீகாயில். அதன் வரிசையில் அரை மணி நேரம் நின்றோம். நானும் பாப்பாவும் மட்டும். அக்கா எங்கள் செருப்பு, என் கண்ணாடி, பை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றாள். அவளை அப்படிப் பார்ப்பது எனக்குப் பழகிய காட்சி. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்கு அப்பா எங்களை வருஷம் தவறாமல் கூட்டிப் போவார். நானும் அப்பாவும் ராட்டினம் ஏறுவோம். அக்கா கீழே நின்று மூன்று ஜோடிச் செருப்பையும் பிடித்துக்கொள்வாள். அவளுக்குப் பயம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். அவளும் மறுத்ததில்லை.

நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். வரிசையில் நிற்கும்போது பாப்பா கேள்வி கேட்டால் எனக்குக் கொண்டாட்டம். "சித்தி, தலைகீழா போறப்ப வண்டி ஏன் கழண்டு விழல?" என்றாள். தண்டவாளத்தைக் காட்டினேன். ஒவ்வொரு இடத்திலும் மூன்று வகைச் சக்கரம்: மேலே ஓடுவது, பக்கவாட்டில் உரசுவது, அடியிலிருந்து கவ்விப் பிடிப்பது. அந்த அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்பவர் 1919-ல் காப்புரிமை பெற்றார். இவ்வளவு செங்குத்தான சரிவுகளைத் துணிந்து கட்ட முடிந்ததே அதற்குப் பிறகுதான்.

வண்டி தலைகீழாகச் சுற்றி வரும் வளையம் சரியான வட்டம் இல்லை என்பதையும் காட்டினேன். மேலே வளைவு இறுகி, கீழே வளைவு தளர்ந்து, தலைகீழாகத் தொங்கும் நீர்த்துளி மாதிரி இருக்கும். முழு வட்டமாகக் கட்டிய பழைய வளையங்களில், வண்டி நுழையும் நொடியில் உடம்பின் எடை திடீரென்று பல மடங்காகிக் கழுத்தை வதைத்தது. 1976-ல் கலிபோர்னியாவில் நீர்த்துளி வடிவத்தில் ஒன்று கட்டிய பிறகுதான் வளையம் உலகமெங்கும் பரவியது. 1884-ல் நியூயார்க் பக்கம் கோனி தீவில் ஓடிய முதல் வண்டியின் வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர்தான், கட்டணம் 5 சென்ட் என்றதும் பாப்பா, "நம்ம தாத்தா சைக்கிள் அதைவிட வேகமா போவும்" என்றாள்.

ரீகாயிலில் இன்ஜின் கிடையாது. வண்டியைப் பின்பக்கமாக ஒரு செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக இழுத்துக்கொண்டு போவார்கள். நம் முகம் தரையைப் பார்க்கும். தோள் கம்பியில் உடம்பின் முழு எடையும் சாயும். ஏறின மேடை கீழே சின்னதாகிக்கொண்டே போகும். உச்சியில் ஒரு கணம் எந்தச் சத்தமும் இல்லை. பாப்பாவின் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. அப்புறம் விட்டார்கள்.

வயிறு தொண்டைக்கு வருகிறது என்கிறோமே, அது கிட்டத்தட்ட உண்மைதான். விழும்போது உள்ளுறுப்புகளும் நம்மோடு சேர்ந்தே விழுவதால், வழக்கமாக அவை ஒன்றின்மேல் ஒன்று அழுத்தும் அழுத்தம் இல்லாமல் போகிறது. வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்த நொடியில் அதெல்லாம் ஞாபகம் வரவில்லை. மேடை பறந்து போனது, வானம் காலுக்குக் கீழே வந்தது, திரும்பவும் வந்தது, வளையத்தில் இன்னொரு முறை. எதிர்ப்பக்க ஏற்றத்தில் வண்டி ஏறி நின்றபோது முகத்துக்கு நேரே வானம் மட்டும். அங்கிருந்து எல்லாம் மறுபடி, பின்பக்கமாக. வருவது கண்ணுக்குத் தெரியாததால் இரண்டாம் பாதிதான் அதிகம் உலுக்கியது. ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்: தலையைப் பின்னால் இருக்கையோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நான் குனிந்து பாப்பாவைப் பார்த்ததில் காதோரம் கம்பியில் இடித்துக்கொண்டேன்.

இறங்கியதும் பாப்பா ஓடிப் போய் அக்காவைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, மேல நிக்கறப்ப உன்னையத்தான் பார்த்தேன். நீ எறும்பு மாதிரி இருந்த." அக்கா சிரித்துக்கொண்டே அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். பதில் சொல்லவில்லை.

மதியம் தண்ணீரில் போனது. அலைக்குளத்தை விட்டு மாமா வெளியே வரவே இல்லை. ஐந்து மணி வாக்கில் துணி மாற்றிக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா திடீரென்று சொன்னாள்: "எனக்குப் பயம்னு நெனச்சிட்டிருக்கீங்க. அப்பாகிட்ட அன்னைக்கு மூணு டிக்கெட்டுக்குக் காசு இருந்துச்சா, சொல்லு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. முப்பது வருஷம்.

ரீகாயில் வரிசை அப்போது குறைந்திருந்தது. அக்கா புடவையை மாற்றிச் சுடிதார் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். பாப்பாவும் கொடுத்தாள். "கடைசிப் பெட்டியில உக்காருங்க, மேல இருந்து விடறப்ப அதுதான் உசரத்துல இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவள் காலையில் நின்ற இடத்தில் போய் நின்றேன்.

வண்டி பின்பக்கமாக ஏறியது. உச்சியில் நின்றது. அத்தனை பேர் கத்தலிலும் அக்காவின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. சின்ன வயதில் தென்னை மரத்தடியில் ஊஞ்சல் ஆடும்போது அவள் போடும் சத்தம் அது.

இறங்கி வந்தாள். பின்னல் அவிழ்ந்து முடி முகமெல்லாம் பரவியிருந்தது. நீட்டிய செருப்பை வாங்கவில்லை. "மணி என்னடி? மூடறதுக்குள்ள இன்னொரு தடவை போலாமா?" என்று கேட்டாள்.