சீமெந்து வாய்க்காலும் சீ.ஆர். கொப்பியும்

சீமெந்து வாய்க்கால் கட்டி முடித்து இரண்டாவது சிறுபோகத்தில், மழை குறைந்த காலத்து நெற்செய்கையில்தான், அந்தச் சண்டை வந்தது. மேல்வயல்காரர் ஒருவர் இரவோடிரவாக மண்மூட்டை போட்டு மறித்துத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். கீழே கடைசிக் காணிகளில் நெல் கதிர் வெளிவரப்போகும் குடலைப் பருவம். விடிய ஐந்தரைக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வாய்க்காலின் இரு கரையிலும் ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள்.

அப்போது நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கமநல சேவை நிலையத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். 2012இல் பட்டதாரிப் பயிலுனராகச் சேர்ந்தவள். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். 200 ஏக்கருக்குள் பாயும் சின்னக் குளங்கள்தான் எங்கள் பொறுப்பு. போர் முடிந்து சனங்கள் திரும்பி வந்த காலம். கட்டு உடைந்து, தண்ணீர் திறக்கும் துருசு தூர்ந்து கிடந்த குளங்களுக்குக் காசு வந்தது. கட்டு உயர்ந்தது, வாய்க்காலுக்குச் சீமெந்து போட்டார்கள். இனி விளைச்சல் தானாக வரும் என்று நானும் நம்பியிருந்தேன்.

மண்மூட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, கடைசிக் காணிக்கார ஐயா ஒருவர் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

“பிள்ளை, மண் வாய்க்காலா இருக்கேக்க அவைக்கு எங்கட கை தேவைப்பட்டது. சீமெந்து போட்டாப்பிறகு எங்களை ஏன் கேக்கப்போகினம்?”

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. முன்பு ஒவ்வொரு போகத்துக்கும் முதல், துருசடியில் தொடங்கிக் கடைசி வயல் வரை வாய்க்காலைப் புல் செருக்கி, சேறு அள்ளி, உடைந்த கரையைக் கட்ட வேண்டும். அது மேல்வயல்காரர் பத்துப் பேரால் ஏலாத வேலை. கீழ்க்காணிக்காரர் மண்வெட்டியோடு வந்தால்தான் முடியும். அவர்கள் வந்து வெட்டியபடியால் தண்ணீரும் அவர்கள் வரை போனது. யாரும் அதை எழுதி வைக்கவில்லை. சீமெந்து வந்ததும் அந்த வேலை இல்லாமல் போனது. வேலையோடு சேர்ந்து, மேலே உள்ளவர் கீழே உள்ளவரைத் தேடிப் போக வேண்டிய காரணமும் போய்விட்டது.

பிறகு எலினோர் ஒஸ்ட்ரம் பற்றி வாசித்தபோது எனக்குப் புல்லரித்தது. பொருளியலுக்கான நோபல் பரிசை 2009இல் பெற்றவர், அதைப் பெற்ற முதல் பெண். அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் நேபாளத்து நீர்ப்பாசனங்களை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கல்லும் மண்ணும் மரக்கொப்பும் வைத்து விவசாயிகளே கட்டிப் பராமரித்த அணைகள், அரசாங்கம் நிரந்தரமாகக் கட்டிக்கொடுத்த பல அணைகளைவிடக் கடைசி வயல் வரை நன்றாகத் தண்ணீர் கொடுத்தன. காரணம் அந்த ஐயா சொன்னதேதான். ஆண்டுதோறும் உடையும் அணையைத் திருத்த எல்லோரும் வேண்டும், அதனால் எல்லோருக்கும் பங்கு கிடைத்தது.

பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு டக்ளஸ் நோர்த் படிப்பித்தார்கள். 1993இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். ஒரு சமூகம் தனக்குள் வகுத்துக்கொண்ட விதிகள் வேறு, அந்த விதிகளுக்குள் இயங்கும் அமைப்புகள் வேறு என்று பிரித்துக் காட்டியவர். விதிகளில் எழுதியவையும் உண்டு, எழுதாத வழக்கங்களும் உண்டு. தமிழில் இரண்டையும் ‘நிறுவனம்’ என்றே எழுதிப் பழகிவிட்டோம், அதனால் சோதனைக்குப் பாடமாக்கிய எனக்கும் இது கடைசி வரை குழப்பமாகவே இருந்தது. வன்னியில் இரண்டு சொல் இருக்கிறது: ஒழுங்கு, சங்கம். வாய்க்கால் வெட்ட எல்லோரும் வருவது ஒழுங்கு. கமக்காரர் அமைப்பு ஒரு சங்கம். ஒழுங்கு எதற்குப் பலன் தருகிறதோ, சங்கம் அந்த வேலையில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டும். கொள்ளையடிப்பதற்குப் பலன் கிடைக்கும் இடத்தில் கடற்கொள்ளை அமைப்புகள்தான் வளரும் என்றும் நோர்த் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஊர்களில் கொள்ளை நடக்கவில்லை, ஆனால் சங்கங்கள் வளர்ந்தன. போருக்குப் பிறகு வந்த ஒவ்வொரு உதவித் திட்டமும் ஒரு சங்கத்தைக் கேட்டது. கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் எல்லாம் இருக்க, கோழி வளர்ப்புக்கு ஒன்று, விதைநெல்லுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் அதே ஏழெட்டுப் பேர். கூட்டறிக்கை அழகாக எழுதுவார்கள், வங்கிக் கணக்கு ஒழுங்காக இருக்கும். பொருள் வந்து இறங்கியதும் சங்கம் படுத்துவிடும். அந்த மனிதர்களை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களிடம் உதவி வாங்குவதற்காகக் கூடச் சொன்னோம், அதற்காகக் கூடினார்கள். தண்ணீரைப் பங்கிடவோ நெல்லைச் சேர்த்து விற்கவோ கூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

காணிப் பத்திரத்தின் கதை இதைவிடக் கொடியது. வன்னியின் குடியேற்றக் காணிகளில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள். பின்னுரித்தாளர் பெயர் எழுதாமல் ஒருவர் இறந்தால், அந்தச் சட்டத்தின் அட்டவணை மகள்மாருக்கு முன் மகன்மாரை வைத்தது. இறந்தவருக்காவது சான்றிதழ் உண்டு. காணாமல் போனவருக்கு? எங்கள் பிரிவில் ஒரு அக்கா மூன்று ஏக்கரையும் தானே விதைத்தார். பத்திரம் கணவரின் பெயரில், உர மானியப் பட்டியலிலும் அவர் பெயர்தான். கணவர் காணாமல் போனவர். மரணச் சான்றிதழ் எடுக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. எடுக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பத்திரம் அக்காவின் பெயரில் இல்லாதபடியால் வங்கியில் பயிர்ச்செய்கைக் கடன் இல்லை. அதனால் கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து வசூலிக்கும் நுண்கடனை எடுத்தார். நெல் மூன்றரை மாதத்தில் ஒருமுறைதான் காசாகும், கடன்காரர் ஏழு நாளுக்கு ஒருமுறை வருவார். அவருடைய உழைப்பிலோ மண்ணிலோ எந்தக் குறையும் இருக்கவில்லை. காணாமற்போனமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு சட்டத்தில் வந்தது 2016இல்தான். அதற்குள் அவர் நகைகள் எல்லாம் போய்விட்டன.

2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோதும், உழைப்பும் மண்ணும் சரியாக இருக்க விதி கெடுப்பதையே பார்த்தோம். மே மாதம் வந்த விதி நவம்பரில் திரும்பிப் போனது. இடையில் மழைக்காலத்துக் காலபோக விதைப்பு. வயலுக்கு எதை எறிவது என்று என்னிடம் கேட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

சரி, அந்த வாய்க்கால் சண்டைக்கு வருகிறேன். நான் சட்டத்தைக் கையில் எடுக்கத்தான் நினைத்தேன். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தை எடுத்து வைத்து முறைப்பாட்டுக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டேன். குந்தியிருந்த ஐயாதான், “கடிதம் கிடக்கட்டும் பிள்ளை, முதல்ல குளக்கட்டிலை எல்லாரையும் கூப்பிடு” என்றார்.

குளக்கட்டில் மருதமரத்தடியில் கூடினோம். மூன்று மணித்தியாலம் பேச்சு, அதில் பாதி பழைய கோபங்கள். கடைசியில் ஐயாவே ஒரு வழி சொன்னார்: சிறுபோகத்தில் முறைத் தண்ணீர் கடைசிக் காணியிலிருந்து தொடங்கி மேலே ஏறி வரட்டும். கீழே பாய்ந்து முடிந்தது என்று கீழ்க்காணிக்காரர் ஒப்பமிட்டால்தான் மேல்வயலுக்கு முறை திறக்கும். மேல்வயல்காரர் முறுமுறுத்தார்கள். ஆனால் கட்டில் ஊரே இருந்தது, மறுத்துச் சொல்ல ஒருவரும் எழும்பவில்லை. சீமெந்து அறுத்துவிட்ட தேவையை இப்படித் திரும்பக் கட்டினார்கள்.

கடையில் ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி, வாங்கி வந்து நானே கோடு போட்டேன். பெயர், ஏக்கர், திறந்த நேரம், பூட்டிய நேரம், ஒப்பம். முதல் இரவு ரோர்ச் லைட்டோடு நானும் துருசடியில் நின்றேன். இரண்டு மணிக்குக் கடைசிக் காணிக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது என்று கீழேயிருந்து ஒருவர் கூவினார். அந்தப் போகம் கடைசிக் காணிகளிலும் நெல் வெட்டினார்கள்.

இடமாற்றம் கிடைத்து நான் கிளிநொச்சிக்கு வந்து பல வருடமாகிறது. போன சிறுபோகம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது குளக்கட்டில் இறங்கினேன். ஐயா இப்போது இல்லை. கொப்பி மூன்றாவது ஆகிவிட்டது, மட்டையில் சேற்று விரல் அடையாளம். துருசுத் திறப்பும் கொப்பியும் இந்த முறை ஒரு இளம் பெடியனின் பொறுப்பில் இருந்தன. பெயரைக் கேட்டேன். அன்று இரவு மண்மூட்டை போட்டவரின் மகன்.