ஃபேப்ரி நோயும் இரண்டு தடவை எடுத்த இதய எம்.ஆர்.ஐ.யும்

சின்ன வயதிலிருந்தே எனக்கு வேர்க்காது. சித்திரை மாதத்தில் தறிக்குடோனுக்குள் எல்லோருக்கும் பனியன் நனைந்து ஒட்டிக்கிடக்கும், நான் மட்டும் காய்ந்துபோய் நிற்பேன். கொடுத்துவைத்தவன் என்பார்கள். வெயிலில் நடந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உள்ளங்கால் தணலை மிதித்த மாதிரி எரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. சூட்டு உடம்பு என்று அம்மா விளக்கெண்ணெய் தேய்த்துவிடும், அவ்வளவுதான் வைத்தியம்.

36 வயதில் படியேறினால் மூச்சு வாங்கியது. எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயச்சுவர் 16 மி.மீ. தடிப்பு. பிரஷரும் இல்லை. சோமனூரிலிருந்து கோவைக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்தேன். தசை தடித்திருக்கிறது, தழும்பும் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்த டாக்டரம்மா படத்தைத் தொடக்கூட இல்லை. “உங்க அம்மா வீட்டுல யாருக்காச்சும் கிட்னி, பக்கவாதம்னு இருந்துச்சுங்களா?” என்றுதான் முதலில் கேட்டார். மாமன் 41 வயதில் டயாலிசிஸில் போய்ச் சேர்ந்தது. அம்மாவைப் பெற்ற அம்மாயி பல வருசம் ஒரு பக்கம் விழுந்து கிடந்தது. கூட்டம் என்கிற எங்கள் குலம் அப்பன் வழியில் வருகிறது, எனக்கு ஃபேப்ரி என்ற இந்தப் பரம்பரை நோய் அம்மா வழியில் வந்திருக்கிறது.

அப்புறம்தான் படத்தைப் பார்த்து, “டி1 மேப் எங்கீங்க?” என்றார். எடுக்கவே இல்லை. இதயத் தசையின் டி1 என்ற நேரத்தை எம்.ஆர்.ஐ.யில் அளக்கும் படம் அது, தழும்பு தெரிவதற்காக ஊசியில் மருந்து ஏற்றுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். ஃபேப்ரியில் ஒரு என்சைம் குறைவதால் ஒரு வகைக் கொழுப்பு செல்லுக்குள் சேர்ந்துகொண்டே போகும். கொழுப்பு சேர்ந்த தசையில் டி1 நேரம் குறையும். இதயம் தடிக்கும் மற்ற நோய்களில் பெரும்பாலும் கூடும். பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்து எடுத்த படத்தில் வேண்டியது மட்டும் இல்லை. அதனால் சொல்கிறேன், போவதற்கு முன் போன் போட்டு டி1 மேப்பிங் எடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது தடவை கிட்னிக்கான கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். வெள்ளி அரைஞாணைக் கழற்றச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு முன்பு போட்டது, கொக்கி இறுகிப்போய்ப் பத்து நிமிடம் வராமல் உயிரை எடுத்தது. நெஞ்சு முடியை மழித்து ஈசிஜி ஒட்டி, மேலே ஒரு பலகை மாதிரி வைத்துக் கட்டினார்கள். “மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க.” பத்துப் பதினைந்து விநாடிதான், ஆனால் திரும்பத் திரும்ப. முந்தின நாள் வீட்டில் பழகிக்கொண்டு போனது உதவியது.

சத்தத்துக்கு எல்லோரும் பயப்படுவார்கள். எனக்கு அது தறிச்சத்தம் மாதிரிதான், தூக்கமே வந்தது. சத்தம் நிற்கும்போதுதான் வம்பு. தறி நின்றால் பாவு நூல் அறுந்துவிட்டது என்று எழுந்து பழகிய உடம்பு, ஒவ்வொரு தடவையும் தூக்கிப்போட்டது. அசையாதீங்க என்று மைக்கில் இரண்டு தடவை திட்டு வாங்கினேன். கடைசியில் மருந்து ஏற்றி, பத்து நிமிடம் போல விட்டுத் தழும்புப் படம். மொத்தம் ஒரு மணி நேரம்.

எனக்கு டி1 870 மில்லி விநாடி. அந்த மெஷினில் சாதாரணமாக 950-க்கு மேல் இருக்க வேண்டுமாம். தழும்பு இடது கீழறையின் பின்பக்கச் சுவரில், அடிப்பகுதியில் இருந்தது. ஃபேப்ரியில் அடிக்கடி தழும்பு விழும் இடம் அது. படம் சந்தேகத்தைத்தான் வலுவாக்கியது, உறுதி செய்தது ரத்தத்தில் என்சைம் பரிசோதனையும் ஜீன் பரிசோதனையும். ஆண்களுக்கு என்சைம் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும், பெண்களுக்கு ஜீன்தான் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கும் ஜீனில் வந்தது. அப்புறம் இதய எம்.ஆர்.ஐ. தடிப்பே இல்லை, ஆனால் தழும்பு இருக்கிறது. பெண்களுக்குத் தடிப்புக்கு முன்பே தழும்பு வரலாம் என்றார் டாக்டர். “எங்கம்மாவுக்கும் இதேதான் இருந்திருக்குமாட்ட இருக்குது” என்றது அம்மா.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஏற்றும் என்சைம் மருந்து நம் கைக்கு எட்டாத விலை. 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில் 50 லட்சம் வரை உதவி உண்டு, அதற்கான தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பையனுக்கு இது என்னிடமிருந்து வராது. பெண்ணுக்கு வந்தே இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றும்போது “கால் எரியுதா கண்ணு?” என்று கேட்டுவிடுகிறேன். “இல்லீங்கப்பா” என்று ஓடிவிடுகிறாள்.