முறிகண்டிக் கச்சான் சரையும் நான் தைத்த கொப்பியும்

என் பயணக் கொப்பிகளை நானே தைப்பேன். கடையில் வாங்கும் கொப்பியில் நாலு பொருளை ஒட்டினால் இரண்டாம் நாளே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். தாள்களை நாலு நாலாக மடித்துக் கற்றையாக்கி, மடிப்பில் ஊசியால் துளையிட்டு, மெழுகுதிரியில் உரசிய நூலால் கற்றைகளை ஒன்றோடொன்று தைக்க வேண்டும். தாள்களுக்கிடையில் விரலகலக் கீலங்களையும் சேர்த்துத் தைத்துவிட்டால், ஒட்டும் பொருளின் தடிப்பை முதுகுப்பக்கம் தாங்கிக்கொள்ளும். பசை, கோதுமை மாவில் காய்ச்சியது. துளி மயில்துத்தம் கலக்க மறந்தால் நம் பயணத்தை நமக்கு முன்பே கரப்பான்பூச்சி படித்து முடித்துவிடும். மட்டைக்குப் பழைய சட்டைப் பெட்டி, அதன்மேல் கிழிந்த சாரத்துணி.

இந்த முறை ஆறு கற்றை வைத்துத் தைத்தேன். கையில் எடுத்தால் செங்கல் போலக் கனத்தது. அதில் எனக்கு மெத்தப் பெருமை.

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ரயிலில் போனதே அந்தத் தடித்த அட்டை டிக்கெட்டுக்காகத்தான். 1990 இல் போரால் நின்றுபோன ரயில் கிளிநொச்சி வரை திரும்பி வந்தது 2013 இல். இடைப்பட்ட காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிவிட்டன. அப்படிப்பட்ட பாதையின் டிக்கெட்டை ஒட்டாமல் விடலாமா? ஆனால் இறங்கும் நிலையத்தில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. நின்றவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். சிரித்தார். நீட்டிய கையை மடக்காமலே சிரித்தார். கொப்பியில் இப்போது இருப்பது, பொழுதுபோகாமல் வண்டிக்குள் இருந்து அந்த அட்டையைச் சுற்றிப் பென்சிலால் இழுத்த சிறு நீள்சதுரம் மட்டும்.

பஸ் டிக்கெட்டை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஆனால் இயந்திரத்தில் அடித்துத் தருவதன் எழுத்து சில மாதங்களில் வெளிறிவிடும். ஊரையும் காசையும் பக்கத்திலேயே பேனையால் எழுதிவிடுவது என் வழக்கம்.

கிளிநொச்சியிலிருந்து தெற்கே வந்தால் முறிகண்டி. பெரிய கோபுரம் எதுவும் கிடையாது, வீதியோரப் பிள்ளையார்தான். ஆனாலும் ஏ9 வீதியில் போகிறவர்கள் அவரைக் கும்பிடாமல் கடப்பது அரிது. இறங்கி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். பிள்ளையார் இல்லாவிட்டால் கச்சான் விற்குமா, கச்சான் இல்லாவிட்டால் பிள்ளையாரிடம் இத்தனை பேர் இறங்குவார்களா என்று கேட்க ஆசைதான். வழிப்பயணம் பாக்கி இருந்ததால் கேட்கவில்லை. எனக்குக் கச்சானைச் சுற்றித் தந்த சரை ஏதோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பித் தாள். மூன்று கணக்கில் இரண்டு சரி, ஒன்று பிழை. கச்சானை மடியில் கொட்டிவிட்டுத் தாளை நீவியெடுத்து, பிழைத்த கணக்கு மேலே தெரியும்படி ஒட்டினேன். இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் அதுதான். இத்தனைக்கும் முறிகண்டியில் எடுத்த படங்கள் கைபேசியில் நாற்பதுக்கு மேல் கிடக்கின்றன.

மாங்குளத்தில் பஸ் மாறி ஒட்டுசுட்டான் வழியாகக் கிழக்கே போகும்போது இருபுறமும் காடு. பாலைப்பழக் காலம். வழியில் வாங்கித் தின்றதில் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. அத்தோடு விட்டிருக்கலாம். பாலை இலை ஒன்றைப் பச்சையாகவே கொப்பிக்குள் வைத்து மூடினேன். இலையைப் பழைய பத்திரிகைத் தாளுக்குள் வைத்து ஒரு வாரம் காயவிட வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான். காம்பில் கசிந்த பாலில் இரண்டு பக்கங்கள் ஒட்டிப் போயின. இழுத்தால் கிழியும்; அப்படியே இருக்கட்டும்.

முள்ளியவளையில் பெரியம்மா வீடு. நந்திக்கடலோரத்து வற்றாப்பளை அம்மன் கோவிலுக்குப் போய் வந்து, திருநீற்றை மடித்துத் தந்த தாளையும் ஒட்டிக்கொண்டிருந்தேன். பெரியம்மா கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிழைத்த கணக்கைப் பார்த்து, “பாவம் அந்தப் பிள்ளை” என்றார்.

அவரிடம் கல்யாணப் படம் ஒன்றுகூட இல்லை. ஊரைவிட்டு வெளிக்கிடும்போது அல்பத்தைச் சேலையில் சுற்றி வளவுக்குள் புதைத்துவிட்டுப் போனார்கள். செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு மீளக்குடியேறித் தோண்டியபோது அங்கே கறையான் புற்றுத்தான் இருந்தது. 2009 இன் கடைசிப் போரைத் தாண்டி வந்தது ஒரு பொலித்தீன் பை மட்டும். காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். இடுப்பில் கட்டியபடியே இருந்ததால் தப்பியது.

அந்தப் பையை இன்னும் வைத்திருக்கிறார். அலுமாரியிலிருந்து எடுத்து வந்து, என் கொப்பியை அதன் வாய்க்கு நேரே வைத்துப் பார்த்தார். பக்கவாட்டிலும் திருப்பிப் பார்த்தார்.

“இது உள்ளே போகாது, மோனை. மெல்லிசாகக் கட்டு” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த கொப்பிக்கு மூன்று கற்றைதான் மடித்து வைத்திருக்கிறேன். நீள அகலம் இரண்டும் பெரியம்மாவின் பையில் அளந்தவை.