நார்மல் ஃப்ளோரா

என் வேலை சீழ், சளி, சிறுநீர். மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பிரிவில் இருக்கிறேன். காலை எட்டரைக்கு இன்குபேட்டரைத் திறந்து, முந்தைய நாள் போட்ட பிளேட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதில் நாள் தொடங்கும். தொண்டையில் பஞ்சுக் குச்சியால் எடுத்த ஸ்வாபில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லையென்றால் 'நார்மல் ஃப்ளோரா' என்று எழுதி மூடிவிடுவோம். அங்கே வழக்கமாகக் குடியிருக்கும் பாக்டீரியாதான், பயப்பட ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "அக்கா, நார்மல் ஃப்ளோரான்னா ஒண்ணும் இல்லைன்னு எடுத்துக்கலாமா?"

இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் இல்லை என்பதை வேலைக்கு நடுவில் சொல்லி முடிக்க முடியவில்லை. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது மனிதத் தொண்டை அல்ல, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க் கடலில் கிடந்த ஒரு மென்பவளம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

2016-இல் எம்.எஸ்ஸி. புராஜெக்ட். மென்பவளத்தின் மேலிருக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுப்பது என் பங்கு. பவளம் என்றதும் நமக்குக் கல்தான் நினைவுக்கு வரும். இது கல் இல்லை. சுண்ணாம்பு இதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடி முட்களாகத்தான் இருக்கிறது, மற்றபடி சதை. நாங்கள் எடுத்துக்கொண்டது சார்கோஃபைட்டான் என்ற வகை. தடித்த காம்பும் அதன் மேல் ஓரம் மடிந்து மடிந்து நிற்கும் குடையுமாகப் பெரிய காளான் போல இருக்கும். குடை முழுக்கப் பூப்பூவாகப் பாலிப்புகள் என்ற குட்டி உயிர்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டு இழைகள். தொட்டால் அத்தனையும் உள்ளே போய்விடும். பிறகு கையில் படுவது ஊறவைத்த ஆட்டுத்தோல் மாதிரி வழுவழுவென்று இருக்கும்.

வெட்டி எடுக்கவில்லை. ஆராய்ச்சி மாணவி அக்கா ஒருவர் மூழ்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் குடையின் மேலிருக்கும் சளியை மட்டும் உறிஞ்சிக் கொண்டுவருவார். நான் படகில் உட்கார்ந்து குப்பிகளுக்கு எண் போடுவேன். படகு ஓட்டிய அண்ணன் முதல் நாள் வாய்விட்டே கேட்டார்: "ஏம்மா, சளி எடுக்கவா மதுரையில இருந்து வந்தீங்க?" ஆமாம் அண்ணே என்றேன். அந்தச் சளிதான் அதற்குத் தோல், அதுதான் மதில். பாக்டீரியா நிறையக் குடியிருப்பதும் அதில்தான்.

தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, ராமேஸ்வரம் பஸ்ஸைப் பிடித்து, மாட்டுத்தாவணி வந்து சேர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மீன் பெட்டி என்று நினைத்து நடத்துநர் லக்கேஜ் போடுவார், கொடுத்துவிடுவேன். மானாமதுரை தாண்டியதும் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வேன், ஐஸ் உருகியிருக்குமோ என்ற பயத்தில்.

மார்ச் மாதம் மூன்றாம் எண் பவளம் ஒரு மாதிரி இருந்தது. பாலிப்பு ஒன்றுகூட வெளியே இல்லை. குடை சுருங்கி, மேலே மெழுகு பூசியது போல் மங்கலான ஏடு, அதன் மேல் பாசியும் தூசியும். ஓரத்தில் அந்த ஏடு கிழிந்து நீரில் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா எடுத்த படத்தைப் பார்த்ததும் நோய் என்று முடிவு செய்துவிட்டேன். அந்தச் சளியை டி.சி.பி.எஸ். அகாரில் தேய்த்தேன். காலரா சந்தேகம் வந்தால் இன்றைக்கும் நாங்கள் எடுப்பது அதே பச்சை வளர்ப்பு ஊடகம்தான். மறுநாள் காலையில் பச்சையின் மேல் மஞ்சள் மஞ்சளாக, பளபளவென்று, அப்படியே விப்ரியோ, காலராக் கிருமியின் குடும்பம். கை நடுங்கியது. அன்றிரவே நோட்டில் 'நோய்க் காரணி: விப்ரியோ' என்று எழுதிவிட்டேன்.

அக்கா படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நல்லா இருக்கிறதோட பிளேட் எங்க?" நல்லா இருக்கிற ஒன்றாம், இரண்டாம் எண் பவளங்களின் சளியை அந்தத் தடவை டி.சி.பி.எஸ்-இல் போடவே இல்லை. நோயே இல்லாததில் எதற்கு என்று விட்டிருந்தேன். குளிரில் மிச்சம் இருந்ததை எடுத்துப் போட்டேன். அதிலும் மஞ்சள். ஏறக்குறைய அதே அளவு. விப்ரியோ கடல்நீர் எங்கும் இருப்பது, ஊடகம் கிடைத்தால் எதிலிருந்தும் வளரும்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது மூன்றாம் எண் எல்லாவற்றையும்விட மலர்ந்து நின்றது. அது தோல் உரித்திருக்கிறது, அவ்வளவுதான். மேலே பாசியும் அழுக்கும் படிந்தால், இந்த வகை பாலிப்புகளை மூடிக்கொண்டு, ஓர் ஏட்டை உண்டாக்கி, அழுக்கோடு சேர்த்துக் கழற்றி எறிந்துவிடும். தன்னைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒன்றுக்கு நான் நோய்ப் பெயர் வைத்துவிட்டேன். நோட்டில் அந்த வரியை அடித்தபோது பேனா தாளைக் கிழித்துவிட்டது, அவ்வளவு கோபம் என் மேல்.

அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். கடல் பாக்டீரியாவில் நூற்றில் ஒன்றுகூட நம் பிளேட்டில் வளர்வதில்லை. வளராததை டி.என்.ஏ. வழியாகத்தான் எண்ண முடியும். அப்படி எண்ணியவர்கள் பல மென்பவளங்களிலும், அவற்றின் உறவான, விசிறி போல விரிந்து நிற்கும் கடல் விசிறிகளிலும் திரும்பத் திரும்பப் பார்ப்பது எண்டோசோயிகோமோனாஸ் என்ற கூட்டத்தை. சில இனங்களில் மொத்தத்தில் பாதிக்கு மேல் அதுவே இருக்கும். என் பிளேட்டில் அது ஒரு புள்ளியாகக்கூட வந்ததில்லை. ஊரில் பெரும்பான்மையாக இருக்கிறவர்களை விட்டுவிட்டு, கதவைத் தட்டியதும் ஓடிவந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு வந்திருக்கிறேன். பவளம் சீர்கெடும்போது பல இடங்களில் இந்தக் கூட்டம் குறைந்து, வேறு வேறு கூட்டங்கள் பெருகுகின்றன. புதிதாக யாரோ நுழைந்ததைவிட, இருந்தவர்கள் போனதுதான் முதல் சேதமோ என்று எனக்குத் தோன்றும்.

கரீபியன் கடல் விசிறிகளின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1990-களின் நடுவில் அங்கே விசிறிகள் கூட்டம் கூட்டமாக ஓட்டை விழுந்து செத்தன. 1998-இல் காரணி என்று சொல்லப்பட்டது அஸ்பர்ஜில்லஸ் சிடோவி, ஒரு பூஞ்சை. அஸ்பர்ஜில்லஸ் வகைகளை நான் வாரத்துக்கு ஒரு முறையாவது காது ஸ்வாபில் பார்க்கிறேன், மண்ணில் கிடக்கிற சாதாரணக் குடும்பம். பின்னால் தேடியபோது நல்ல விசிறிகளிலும் அதே பூஞ்சை இருந்தது. படங்களில் என்னை நிறுத்தியது புண் அல்ல, புண்ணைச் சுற்றியிருந்த வளையம். விசிறி தன் திசுவில் ஊதா நிற முட்களை நெருக்கமாக அடுக்கி, கெட்ட இடத்துக்கும் நல்ல இடத்துக்கும் நடுவில் வரப்பு போட்டுக்கொள்கிறது. நரம்பு வலை மட்டுமே உள்ள, மூளையில்லாத உயிர் இது. அந்த ஊதா வளையத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மத்தியதரைக் கடலில் 1999-இலும் 2003-இலும் கோடை வெப்பத்தில் விசிறிகள் பெருமளவில் மடிந்தன. 2003-இல் மடிந்தவற்றிலிருந்து விப்ரியோ கோரல்லிலிட்டிகஸை எடுத்தவர்கள் அதோடு நிற்கவில்லை. நல்ல விசிறிகளைத் தொட்டியில் வைத்து, சூடான நீரில், அந்த பாக்டீரியாவைச் சேர்த்து, நோய் வருகிறதா என்று பார்த்தார்கள். வந்தது. ஒரு கிருமிதான் நோய்க்குக் காரணி என்று நிரூபிக்க ராபர்ட் கோக் சொன்ன வழி அதுதான். ஆக விப்ரியோ நோய் தராது என்று நான் சொல்லவில்லை. நீர் சூடாகும்போது பவளம் தளர்கிறது, அவன் தெம்பாகிறான். நான் ஒரு மஞ்சள் பிளேட்டை வைத்துக்கொண்டு தாண்டிய தூரத்தை அவர்கள் படி படியாக நடந்திருக்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவில் கடல் விசிறிகளை எடுப்பதும் விற்பதும் 2001-இல் வனவிலங்குச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. மிக நல்ல காரியம். ஆனால் சூட்டைத் தடுக்கச் சட்டப் பட்டியல் போதாது. அந்த 2016 ஏப்ரலில் எங்கள் தெர்மாமீட்டர் 31 டிகிரியைத் தாண்டியது. மே மாதக் கடைசிப் பயணத்தில் சுற்றிலும் கல் பவளங்கள் வெளுத்துக் கிடந்தன. மூன்றாம் எண்ணின் குடை ஓரமும் சோற்றுக் கஞ்சி நிறத்துக்கு வந்திருந்தது. திசுவுக்குள் குடியிருந்து பவளத்துக்குச் சோறு போடும் நுண்பாசி வெளியேறினால் அப்படித்தான் ஆகும். சளி எடுக்க மனம் வரவில்லை. இன்றைக்கு வேண்டாம் அக்கா, அதுவே இப்போது எல்லாவற்றையும் இழந்துகொண்டிருக்கிறது என்றேன். அக்கா சரி என்று சிரிஞ்சை எனக்கே திருப்பித் தந்தார். படகு அண்ணன் எஞ்சினைப் போடாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

பிறகு நான் வேலைக்கு வந்துவிட்டேன். டிசம்பரில் அக்கா ஒரு படம் அனுப்பினார். ஓரம் வரை பழுப்பு திரும்பியிருந்தது, பாலிப்புகள் வெளியே. ஒரு மடிப்பில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சதை போய்த் தழும்பு. புதுப் பெண்ணுக்கு நேற்று அந்தப் படத்தைத்தான் காட்டினேன். அவள் இரண்டு விரலால் பெரிதாக்கி, தழும்பின் விளிம்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.