தலைவலி இல்லை, சாப்

பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் நான் சேர்ந்தபோது எனக்கு வயது 24. அதற்கு முன் நான்கு பருவங்கள் கால்பந்தையே தொழிலாகக் கொண்டிருந்தேன். மூன்று சென்னை லீகில், கடைசி ஒன்று கொல்கத்தாவில். தற்காப்பு நடுக்கள ஆட்டக்காரன் என்பதால், மஞ்சள் அட்டை வாங்கிய நாட்களைத் தவிர வேறெப்போதும் நாளிதழில் என் பெயர் வந்ததில்லை.

ஒரு பருவத்துக்கு மட்டும் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தில் வாழ்கிறவனுக்கு உடம்புதான் முதல். அதில் ஏற்பட்ட பழுது அடுத்த ஒப்பந்தத்தைப் பேசப்போகிறவர்களின் காதுக்குப் போய்விடக் கூடாது. கொல்கத்தாவில் இடது கணுக்கால் மோசமாகச் சுளுக்கிக்கொண்ட பிறகும் மூன்று ஆட்டங்களை வலி மரக்கும் ஊசியோடு ஆடினேன். பயிற்சியாளர் பார்க்கும்போது காலணிக் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்து, உடல் எடை முழுவதையும் வலது காலுக்கு மாற்றிக்கொண்டு மூச்சுவிடுவேன். அணியில் பாதிப்பேர் ஏதோ ஒன்றை இப்படி மறைத்துக்கொண்டுதான் இருந்தோம். பருவம் முடிந்ததும் கிளப் என்னை மறுபடி அழைக்கவில்லை. கணுக்கால் ஆறி, ராணுவ மருத்துவர்கள் தகுதி என்று எழுத ஓராண்டு ஆயிற்று; அந்த ஓராண்டில்தான் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு எழுதினேன், பெங்களூரில் ஐந்து நாள் தேர்வு வாரியத்தையும் கடந்தேன்.

பயிற்சி 49 வாரம். கால்பந்து ஆடியவனுக்கு ஓட்டம் ஒரு பொருட்டல்ல என்று நினைத்து வந்தவன், முதல் மாதத்திலேயே நடுவரிசைக்குப் போனேன். பத்து விநாடி பாய்ந்து, அரை நிமிடம் நடந்து, மறுபடி பாய்வதற்குப் பழகிய கால்களுக்கு, முதுகில் மூட்டையும் கையில் துப்பாக்கியுமாகச் சீராக மணிக்கணக்கில் போவது அந்நியமான வேலை. அதற்கும் பழகி முன்வரிசையை எட்டிய வாரத்தில், பயிற்றுநர் என்னை நிறுத்தி, கடைசியாக வருகிறவனோடு ஓடச் சொன்னார். தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன். அவனோ வாய்விட்டு எதையும் சொல்லாதவன். அவனுக்கு எந்த இடத்தில் வலிக்கிறது என்பதைக் காலடி ஓசையை வைத்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கழகத்து நூலகத்தில்தான், கால்பந்து வீரராக இருந்து ராணுவ அதிகாரியான வால்டர் டல்லைப் பற்றி முதலில் படித்தேன். 1888-இல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனில் பிறந்தவர். தந்தை பார்படாஸிலிருந்து வந்த தச்சர், தாய் கென்ட் பகுதிப் பெண். பத்து வயதுக்குள் இருவரையும் இழந்து லண்டன் அநாதை இல்லம் ஒன்றில் வளர்ந்தார். 1909-இல் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டு பிரிஸ்டலில் ஒரு கூட்டம் அவருடைய நிறத்தைச் சொல்லி ஆட்டம் முழுவதும் வசைபாடியது. டாட்டன்ஹாமுக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் பத்து, கோல்கள் இரண்டு. பிறகு நார்த்தாம்ப்டன் டவுனுக்குப் போய் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இன் டிசம்பரில், கால்பந்து வீரர்களுக்கென்றே திரட்டப்பட்ட மிடில்செக்ஸ் ரெஜிமென்டின் 17-ஆம் பட்டாலியனில் சேர்ந்தார்.

கலப்பற்ற ஐரோப்பிய வம்சாவளியினர் அல்லாதவர் அதிகாரியாவதை அன்றைய பிரிட்டிஷ் ராணுவ விதிகள் தடுத்திருந்தன. அதை மீறித்தான் 1917 மே மாதத்தில் டல் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் நிற்பார்கள், அது நியாயமும்கூட. என் மனத்தில் நின்றதோ அதற்கு முந்தைய ஆண்டு. 1916-இல் குண்டுவீச்சின் அதிர்ச்சியால் மனம் கலங்கி, சிகிச்சைக்காக அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தேறி, மறுபடி பிரான்ஸுக்குப் போனார். உடைவது என்னவென்று உள்ளிருந்து அறிந்த ஒருவரிடம், அதன் பிறகு முப்பது நாற்பது பேரை ஒப்படைத்திருக்கிறார்கள். இத்தாலியில் பியாவே ஆற்றைக் கடந்து போய் நடத்திய திடீர்த் தாக்குதலில், தன்னோடு வந்த அத்தனை பேரையும் இழப்பின்றித் திருப்பிக் கொண்டுவந்தார் என்று படித்தபோது, வீரத்தைவிட அந்தக் கணக்குதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஒரு காலாட்படைப் பட்டாலியனில் சேர்ந்தபின் எங்களை லடாக்குக்கு அனுப்பினார்கள். அங்கே உயரத்துக்கு உடலைப் பழக்குவது மூன்று கட்டம்: 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000-க்கு மேல் நான்கு நாள், 15,000-க்கு மேல் இன்னும் நான்கு நாள். தினமும் காலையில் வரிசையில் நிறுத்தித் தலைவலி உண்டா, குமட்டல் உண்டா, தூங்கினாயா என்று ஒவ்வொருவரையும் கேட்போம். உண்டு என்று சொன்னவன் மேலே போக மாட்டான்; அவனுடைய செக்‌ஷன் அவனில்லாமல் போகும். ஆகவே வரிசை முழுவதும் ஒரே பதில்தான்: "இல்லை, சாப்." ராணுவத்தில் 'ஐயா' என்பதற்கு 'சாப்'.

இரண்டாம் கட்டத்தின் மூன்றாம் நாள், நாயக் பதவியில் இருந்த திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் அதே பதிலைத் தெளிவாகவே சொன்னார். சற்று நேரத்தில் காலணிக் கயிறு அவிழ்ந்திருப்பதைப் பார்த்தவர், குனியவில்லை. ஒரு பாறையைத் தேடிப் போய், அதன் மேல் காலைத் தூக்கி வைத்து, தலையை நிமிர்த்தியபடியே கட்டினார். குனிந்தால் தலை பிளந்துவிடும் என்று பயப்படுகிறவன்தான் அப்படிக் கட்டுவான். கேட்டேன். "தலைவலி இல்லை, சாப்" என்றார் மறுபடியும். கோபத்தைவிட எனக்கு வெட்கம்தான் அதிகமாக வந்தது, அது என்னுடைய பழைய பொய் என்பதால். கொல்கத்தாவில் நான் செய்ததை அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டு இரவாகத் தூங்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். மருத்துவ அதிகாரி முதுகில் குழலை வைத்துக் கேட்டார். நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தது. ஆக்சிஜன் கொடுத்து உடனே கீழே இறக்கினார்கள். ஒரு மாதத்தில் பணிக்குத் திரும்பினார்.

அன்றிரவு டல்லின் கடைசி நாள் நினைவுக்கு வந்தது. 1918 மார்ச் 25-இல், ஜெர்மானியரின் பெருந்தாக்குதலுக்கு முன் பின்வாங்கும்போது ஃபாவ்ரய் அருகே சுடப்பட்டு விழுந்தார். துப்பாக்கிக் குண்டுகளுக்கு நடுவே அவருடைய ஆட்கள் அவரைத் தூக்கிவர முயன்றார்கள்; அவர்களில் ஒருவர் கால்பந்தில் கோல் காத்தவர். முடியவில்லை. உடல் கிடைக்காததால் அராஸ் நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கிறது. அதிகாரியின் பதவிக்காக மட்டும் அப்படி யாரும் ஓட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் எங்கள் சுபேதாரோடு முகாமைச் சுற்றி வந்தேன். ராணுவத்தில் நான் அவருக்கு சாப், அவரும் எனக்கு சாப். இருபது ஆண்டு அனுபவம் அவருக்கு, இரண்டாண்டு எனக்கு. நாயக் விஷயத்தைப் பாராட்டுவார் என்று உள்ளூர எதிர்பார்த்தேன். சரிவில் இறங்கும்போது, முன்னால் பார்த்தபடியே கேட்டார்: "இடது கணுக்கால் எத்தனை நாளா, சாப்?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் நின்று திரும்பிப் பார்த்தார். மூன்று வாரம் என்றேன்.

அடுத்த நாள் காலை மருத்துவ அதிகாரியின் கூடாரத்துக்கு வெளியே, ஜவான்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.