சோழீஸ்வரருக்கு ஒரு மூட்டை அரிசி

தம்பியின் சம்பா அறுவடை நேரத்து மழையில் சாய்ந்து, வயலிலேயே முளைவிட்டுவிட்டது. அடுத்த போகத்தைக் கண்ணில் காட்டினால் ஐப்பசிப் பௌர்ணமியன்று லிங்கத்துக்குச் சோறு சாத்தும் அன்னாபிஷேகத்துக்கு ஒரு மூட்டை அரிசி தருவதாக அம்மா கங்கைகொண்ட சோழபுரத்து அப்பன் சோழீஸ்வரரிடம் நேர்ந்துகொண்டார். குறுவை நன்றாகவே வந்தது. புது அரிசி குழைந்துவிடுமே என்ற கவலை மட்டும் அம்மாவுக்கு வழியெல்லாம்.

சீர்காழிப் பக்கமிருந்து பந்தநல்லூர் வழியாக அணைக்கரை வந்தால், அந்தக் குறுகிய பாலத்தில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. தூறல் வேறு. இங்கே கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, 1836 வாக்கில், சோழீஸ்வரர் கோயிலின் மதில் கல்லையும் கோபுரக் கல்லையும் வெள்ளைக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது. தம்பி வயலுக்கு வரும் வாய்க்காலும் இந்த அணையிலிருந்துதான் பிரிகிறது என்பதால் முழுசாகத் திட்டவும் மனசு வரவில்லை.

கோயில் வாசலில் ஒருவர், பணம் கொடுத்தால் நேரே சன்னதி முன்னால் விடுவதாகப் பின்னாலேயே வந்தார். அன்னம் சாத்தும் நாளில்கூட இந்த வியாபாரமா! உள்ளே தள்ளுமுள்ளு. முட்டிவலியோடு நின்ற அம்மாவை இடித்துக்கொண்டு செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

அப்புறம் அந்தக் காட்சி. கூடை கூடையாக ஆவி பறக்கும் சோறு போய்க்கொண்டே இருக்கிறது. முதலில் ஆவுடையார் மறைந்தது. 13 அடி லிங்கத்தின் மேல் அள்ளி அள்ளிச் சாத்துகிறார்கள். கருவறை முழுக்க வெந்த அரிசியின் வாசனை. லிங்கத்தின் கறுத்த பாணம் விரல் அகலமாகக் குறைந்து, கடைசியில் நெற்றியும் மறைந்து, நூறு மூட்டை அரிசியும் அப்பனாகவே நின்றது. அம்மா “சாமி” என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. எனக்கும்தான்.

ராஜேந்திரன் தஞ்சையை விட்டு இங்கே தலைநகரை வைத்தது ஏன் என்பது எனக்கு அந்த வெள்ளைக் குவியலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. தெற்கே கொள்ளிடம், அதற்கு அப்பால் நெல் விளையும் சோணாடு. வடக்கே வெள்ளாறு தாண்டித் தொண்டைநாட்டுக்கு வழி. கங்கை வெற்றிக்கு அவன் எழுப்பியது கல்தூண் இல்லை, சோழகங்கம் ஏரி. திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீராலான வெற்றித்தூண் என்கிறது. அவனுடைய தந்தை ராஜராஜன் நிலத்தை வேலி என்ற நில அளவின் சின்னஞ்சிறு பின்னம் வரை அளந்து வைத்திருந்தான். எந்த ஊர் எத்தனை கலம் நெல் அளக்க வேண்டும் என்று தஞ்சைக் கோயில் சுவரிலேயே வெட்டியிருக்கிறது. 1025இல் கடாரத்துக்கு ராஜேந்திரனின் போர்க் கப்பல்கள் போனதும் இந்த நெல்லை நம்பித்தான். சீனத்துக்குப் போகும் கப்பல்கள் கடக்கிற மலாக்கா நீரிணை அன்று, கடாரமும் அடங்கிய சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசின் கையில் இருந்தது. பக்கத்தில் சோழர் அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. நாகப்பட்டினத்துக் கரையில் இறங்கிய சரக்கோ என்னவோ! அத்தனை பெரிய ராஜ்ஜியத்துக்கும் அடியில் வயலும் வாய்க்காலும் கணக்குப்பிள்ளையும்தான். அந்த மன்னனும் அப்பன் முன்னால் தலைகுனிந்தே நின்றிருப்பான். வடக்கு வாசலில் தலைகுனிந்திருக்கும் அடியார் சண்டேசருக்கு ஈசன் கொன்றை மாலை சூட்டும் சிற்பத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பிரசாதம் வாங்கக் கூட்டம் நெரித்தது. யாரோ ஒரு பெரியவர் அம்மாவின் கையைப் பிடித்து முன்னால் விட்டார், அவர் நன்றாக இருக்கட்டும். அரிசி குழைந்ததா என்று அம்மா சாப்பிட்டே பார்த்தார். குழையவில்லை. களம் நிறைய நெல்லைக் கொடுத்தவனே, முட்டிவலியோடு வந்தவளை இத்தனை கூட்டத்திலும் உன் முன்னால் நிறுத்தியவனே, சோழீஸ்வரா, உனக்குக் கோடி நமஸ்காரம்.